வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: எந்த இடத்துக்கு எந்த சிலிண்டர்

மதிப்பிற்குரிய லாட்ஜ் உரிமையாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

தோட்டப்பாளையம், பாபு ராவ் தெரு, கே.வி.எஸ். செட்டித் தெரு, காந்தி ரோடு என்று சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி நிற்கும் உங்கள் கட்டடங்களில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டுவதும் ரீஃபில் செய்வதும்தான் என் தொழில். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். ரிசப்ஷனில் நின்று பில் கொடுக்கிற இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத விஷயம் இது. அதனால் எழுதுகிறேன்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதத்தில்தான் எனக்கு போன் வரும். "ஏம்பா, ஆறு பீஸ் போட்டுட்டு பில்லு குடு, ஆபீசர் வந்தா காட்டணும்." அதற்கு மேல் பேச்சு போகாது. மாட்டப்போகிற இடத்தில் என்ன இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்று நான் கேட்டால், "எல்லாத்துக்கும் ஏபிசி போதும்னு சொல்றாங்களேப்பா" என்று பதில் வரும். ஏபிசி என்றால் பவுடர் அடைத்த சிலிண்டர். கட்டடம் முழுக்க ஒரே அளவில் ஒரே வகை சிலிண்டர் தொங்கும். ஆபீசருக்குக் காட்ட அது போதும். தீக்குப் போதாது. ஓர் இடத்தில் எது எரியும், எரிகிற நேரத்தில் அந்த சிலிண்டர் யார் கைக்குப் போகும் என்ற இரண்டையும் பார்த்து இடத்துக்கு இடம் வாங்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேற்கு வங்காளம், அசாம், ஜார்கண்ட், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தோ ரயிலேறி காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும் வரை வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஒரு நோயாளி, கூட வந்த அம்மா அல்லது மனைவி, சில சமயம் குழந்தைகள். நடக்க முடியாதவர், தையல் பிரிக்காதவர், கீமோ எடுத்துவிட்டுத் தலை சுற்றிப் படுத்திருப்பவர் எல்லாம் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். தீ என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது. ஆக, அவர்களைப் படியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். வேறு ஊர் ஓட்டலில் கிடைக்கிற நேரம் நமக்குக் கிடைக்காது.

2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தாவின் பர்ராபஜார் பகுதியில் ஓட்டல் ஒன்று எரிந்தது. 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சடைத்துப் போனவர்கள். அதில் நம் கரூரைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளும் அவர்களுடைய தாத்தாவும் உண்டு. நம் பிள்ளைகள் அவர்கள் ஊர் ஓட்டலை நம்பிப் படுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கு உங்கள் லாட்ஜை நம்பிப் படுத்திருக்கிறார்கள்.

முதலில் சமையல். கிச்சன் ரூம் என்று தனி வாடகைக்கு விடுகிறீர்கள். நோயாளிக்கு நம் சாம்பார் இறங்காது, அவர்கள் ஊர் மீன் குழம்பும் சோறும் வேண்டும். அந்த வசதியைக் கொடுத்தது நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிச்சன் ரூமுக்குள் போய் நின்று பாருங்கள். ஆறடி நீளத்தில் ஒரு மேடை. அதன் மேல் வாடகை ஸ்டவ், பக்கத்தில் கடுகு எண்ணெய் பாட்டில், ஸ்டவ்வுக்கு மேலேயே கொடியில் காயும் துண்டு. மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டர், அதிலிருந்து வரும் ரப்பர் டியூப் சூட்டில் கறுத்து வெடித்திருக்கும். மீன் பொரிப்பதற்கு முன்னால் கடுகு எண்ணெயைப் புகை வரக் காய்ச்சுவது அவர்கள் வழக்கம். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது, அம்மா வெளியே ஓடுகிறார். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

சமையல் எண்ணெய் சுமார் 350 டிகிரியைத் தாண்டினால் தீக்குச்சி வேண்டாம், தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, அந்த நொடியிலேயே ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். எரியும் எண்ணெய் சுவர், துணி, முகம் என்று எல்லா இடத்திலும் தெறிக்கும். கிச்சனில் தண்ணீர் வாளி வைத்திருக்கும் லாட்ஜ்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை விளக்கிச் சொல்கிறேன். சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு, அடித்தால் தீ ஒரு கணம் அடங்கும். எண்ணெயின் சூடு அப்படியே இருப்பதால் வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். ஏபிசி பவுடருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். பக்கத்தில் நின்று வேகமாக அடித்தால் வாணலியே கவிழும்.

இந்த இடத்துக்கு உரியது வெட் கெமிக்கல். கடையில் 'கே டைப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது பொட்டாசியம் உப்புக் கரைசல். நீண்ட குழாயின் நுனியிலிருந்து பூந்தூறலாக விழும். சூடான எண்ணெயோடு சேர்ந்து மேலே சோப்பு நுரை போல ஒரு படலம் கட்டும், கூடவே எண்ணெயையும் குளிர வைக்கும். அந்தப் படலம் கலையாதவரை தீ திரும்பாது. பொதுச் சமையலறைக்கு ஆறு லிட்டர், தனிக் கிச்சன் ரூம்கள் இருக்கும் தளத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால் போதும். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. எல்லா ரூமுக்கும் வாங்க முடியாது என்றால் ஒவ்வொரு கிச்சன் சுவரிலும் ஒரு ஃபயர் பிளாங்கெட், அதாவது எளிதில் தீப்பிடிக்காத துணி, மாட்டுங்கள். அடுப்பை அணைத்து, அந்தத் துணியால் வாணலியை மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். சிலிண்டரைத் தூக்க முடியாத வயசான அம்மாவும் இதைச் செய்துவிடுவார். ஆனால் அதை ஸ்டவ்வுக்குப் பின்னால் மாட்டாதீர்கள். எரியும் அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க யாராலும் முடியாது. வாசல் பக்கம் மாட்டுங்கள்.

கேஸ் கசிந்து எரிந்தால் செய்ய வேண்டியது வேறு. ரெகுலேட்டரை மூட முடியாத நிலையில் அந்தத் தீயை அணைக்கவே கூடாது. தீ மட்டும் அணைந்து கேஸ் தொடர்ந்து வந்தால், அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி அறை முழுக்கத் தேங்கும். அடுத்த ரூமில் யாராவது சுவிட்ச் போட்டால் போதும், அறையே வெடிக்கும். முதலில் வால்வு, பிறகுதான் தீ. வால்வை நெருங்க முடியவில்லை என்றால் ஆளை வெளியேற்றிவிட்டு 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். ஸ்டவ் வாடகைக்குக் கொடுக்கிற அன்றே, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று விருந்தாளியின் கையாலேயே ஒருமுறை திருப்ப வைக்கும்படி உங்கள் பையனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது மாடிப்படிக்கு அடியில். இந்த இடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பெரும்பாலான லாட்ஜ்களில் மேலேயும் கீழேயும் போக ஒரே படி. அந்தப் படிக்கு அடியில் மீட்டர் போர்டு, அதற்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி, பக்கத்தில் அட்டைப்பெட்டி, பழைய மெத்தை, பெயின்ட் டப்பா. இப்போது புதிதாக, சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டர். தீப்பிடிக்கக் கூடியதையெல்லாம் திரட்டி, தப்பிக்க இருக்கிற ஒரே வழியின் வாயில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

மீட்டர் போர்டுக்கு சிஓ2 வாங்குங்கள். அதில் மின்சாரம் பாயாது, அடித்த பிறகு தூசும் மிச்சமிருக்காது. பவுடரும் அந்தத் தீயை அணைக்கும், ஆனால் போர்டுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து உலோகத்தை அரித்துவிடும். மெயினை இறக்க முடிந்தால் முதலில் அதை இறக்குங்கள். சிஓ2வின் ஹார்னை, அதாவது அந்தக் கறுப்புக் குழலை, வெறும் கையால் பிடிக்கக் கூடாது. வாயு வெளிவரும்போது உறைபனியாகும் குளிர் அது, தோல் ஒட்டிக்கொண்டு வெந்துபோகும். சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் அடிக்காதீர்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜனை விலக்கித்தான் அது தீயை அணைக்கிறது, உங்கள் மூச்சுக்கும் அதே ஆக்சிஜன்தான் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "ஏபிசில சி-ன்னா கரண்டுதானே?" என்று பல மேனேஜர்கள் கேட்கிறார்கள். போனில் பார்க்கும் அமெரிக்கப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. நம் இந்தியத் தர அளவில் ஏ என்றால் மரம், துணி, காகிதம். பி என்றால் பெட்ரோல், டீசல், பெயின்ட். சி என்றால் எரிவாயு. மின்சாரத்துக்கென்று தனி எழுத்து இல்லை. கரண்ட் உள்ள சாதனத்தின் மேல் அடிக்கலாமா, எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு தூரத்தில் நின்று என்று லேபிளில் தனியாக அச்சிட்டிருக்கும். எழுத்தை மட்டும் பார்த்து வாங்காமல் அந்த வரியைப் படியுங்கள்.

ஸ்கூட்டர் விஷயத்துக்கு எந்த சிலிண்டரும் பதில் இல்லை. 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஊரே பேசியது, பிறகு மறந்துவிட்டது. லித்தியம் பேட்டரியின் ஒரு செல் சூடேறி வெடித்தால் அந்தச் சூட்டில் பக்கத்து செல் வெடிக்கும், அதிலிருந்து அடுத்தது. வெளியிலிருந்து காற்றை நிறுத்திப் பயன் இல்லை. பவுடர் அடித்தால் மேலே எரிவது அடங்கும், உள்ளே சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். நிறையத் தண்ணீரைத் தொடர்ந்து விட்டுக் குளிரவைப்பது ஒன்றுதான் வழி, அது தீயணைப்பு வண்டி செய்ய வேண்டிய வேலை. புகையோ கொடிய விஷம். 'லித்தியம் தீக்கு' என்று விலை உயர்ந்த சிலிண்டர்கள் விற்கிறார்கள். அதை நம்பி வண்டியைப் படிக்கு அடியில் நிறுத்தாதீர்கள். வண்டி வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். வாசலை அடைக்காத திறந்த இடத்தில், பகலில், ஆள் பார்வையில் சார்ஜ் போடட்டும். விருந்தாளிகளுக்காக வாடகை ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதை நாளைக்கே செய்யுங்கள்.

வராந்தாவுக்கும் ரூம்களுக்கும் ஏபிசி பவுடர் சரியான தேர்வு. அங்கே எரியப்போவது மெத்தை, போர்வை, திரைச்சீலை. ஆனால் அளவைப் பாருங்கள். ஆறு கிலோ என்பது பவுடரின் எடை மட்டும். உருளையோடு சேர்த்தால் ஒன்பது கிலோவைத் தாண்டும். ராத்திரியில் மாடியில் இருப்பது யார்? பெரும்பாலும் நோயாளியோடு வந்த பெண்கள். ஒன்பது கிலோவை ஒரு கையில் தூக்கி, மறு கையில் குழாயைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம் இல்லை. வராந்தாவின் இரு முனையிலும் ஆறு கிலோ இருக்கட்டும். நடுவில் இரண்டு அல்லது நான்கு கிலோ ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு சிலிண்டர் கைக்கு எட்ட வேண்டும் என்பது விதி. நம் லாட்ஜ்களில் வராந்தா வளைந்து வளைந்து போகும். நேர்கோட்டில் அளக்காமல் கால் நடக்கும் வழியில் அளந்து பாருங்கள். ரிசப்ஷனில் மூன்றை வரிசையாக மாட்டிவிட்டு மூன்றாவது மாடியை வெறுமையாக விட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

ஆறு கிலோ சிலிண்டரானாலும் இருபது நொடிக்குள் காலியாகிவிடும். குப்பைத்தொட்டி அளவு தீக்குத்தான் அது. கூரையைத் தொட்ட தீயோடு மல்லுக்கு நிற்காமல், கதவைச் சாத்திவிட்டு ஆட்களை இறக்கப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 15683 என்ற எண்ணோடு. பிறகு பவுடரின் தரம். லேபிளில் எம்ஏபி 50, எம்ஏபி 90 என்று இருக்கும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். மெத்தைத் தீயை அணைப்பதே அந்தச் சரக்குதான். இரண்டு கொட்டேஷனுக்கு நடுவில் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். உற்பத்தி ஆண்டையும் பாருங்கள். பவுடர் சிலிண்டருக்கு ஆயுள் 10 ஆண்டு, சிஓ2வுக்கு 15. அதைத் தாண்டியதற்குப் புதுப் பெயின்ட் அடித்து மாட்டுகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள். சொல்ல வேதனையாக இருக்கிறது. திறந்துகூடப் பார்க்காமல் ஸ்டிக்கரை மட்டும் மாற்றி 'ரீஃபில்' என்று பில் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

போன கோடையில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடி வாசலிலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்து வந்தேன். அக்னி நட்சத்திர வெயில் நாள் முழுக்க அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் பச்சையில் நின்றது, சீல் உடையவில்லை, பார்க்க எந்தக் குறையும் இல்லை. வாயுவை இறக்கி வால்வைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு சிட்டிகை பவுடர் விழவில்லை. உள்ளே கம்பியை விட்டுக் குத்தினால் டக் டக் என்று சத்தம். ஈரம் புகுந்து அடிவரைக்கும் கட்டியாக இறுகியிருந்தது. தீ நேரத்தில் அதை அழுத்தியிருந்தால் வெறும் காற்றுதான் வந்திருக்கும். பச்சை முள் அழுத்தம் இருப்பதை மட்டும்தான் காட்டும், பவுடர் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டாது. அதனால் வெயிலும் மழைச்சாரலும் படாத இடத்தில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை பையனை விட்டு இறக்கி, தலைகீழாகத் திருப்பிக் குலுக்கச் சொல்லுங்கள். உள்ளே சரசரவென்று பவுடர் நகர்வது கைக்குத் தெரியும்.

சிஓ2வில் கேஜே கிடையாது. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வெறும் உருளையின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரீஃபிலுக்கு அனுப்புங்கள். சர்வீசுக்கு வருகிறவர் கையில் தராசு இல்லை என்றால் அவர் சிஓ2வைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ரூம் வாடகைப் பலகை வங்காளத்தில் இருக்கிறது. ஓட்டல் மெனு, மருந்துக்கடை போர்டு, பஸ் டிக்கெட் ஏஜென்ட் விளம்பரம் எல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. அந்த மக்களின் உயிரைக் காக்க மாட்டியிருக்கும் சிலிண்டரில் மட்டும் ஆங்கிலம். அதன் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பக்கம் காட்டு, பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. நான்கு படம், படத்துக்கு ஒரு வரி, வங்காளம், இந்தி, தமிழ் மூன்றிலும். லேமினேஷன் செலவோடு சேர்த்தாலும் ஒரு நாள் ரூம் வாடகை ஆகாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் நோயாளியின் ரூமில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடாது என்பதையும் அதே தாளில் போடுங்கள். ஆக்சிஜன் ஊறிய போர்வை எரிகிற வேகம் சாதாரணத் துணிக்கு வராது.

மொட்டை மாடிக் கதவின் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருட்டுப் பயத்தில் பூட்டுகிறீர்கள், புரிகிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றிவிடுங்கள். கீழ்ப்படி புகையால் அடைத்தால் மேலே போகத்தான் வழி. நம் சந்துகளில் ஆட்டோவே திணறுகிறது, தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதுவரை அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அவர்களில் சிலிண்டரை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ரூம் பையன்களிடம் கேட்டால், "ணா, இதை எப்படி ணா தொறக்கறது?" என்று என்னையே கேட்கிறார்கள். மாட்டிய நாளிலிருந்து அதைத் தொட்டால் மேனேஜர் திட்டுவார் என்ற பயம் அவர்களுக்கு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ரீஃபில் செய்வதற்கு முன்னால் பழைய பவுடரை எப்படியும் வெளியேற்றத்தான் வேண்டும். அதை உங்கள் ஆட்களே அடித்துக் காலி செய்யட்டும். நோயாளிகள் இருக்கும் கட்டடத்தில் பவுடர் பறக்கக் கூடாது, அதனால் என் பட்டறையை ஒட்டிய காலி இடத்துக்கு அனுப்புங்கள். அரை டிரம், பழைய துணி, கொஞ்சம் டீசல் எல்லாம் நான் தயார் செய்கிறேன். ஒவ்வொருவரும் பின்னை இழுத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு தீயை அணைத்துவிட்டுப் போகட்டும். ரூம் கூட்டும் அக்காக்களையும் சமையல் அம்மாக்களையும் விட்டுவிடாதீர்கள், கிச்சன் பக்கம் முதலில் ஓடப்போவது அவர்கள்தான். இரவு டூட்டிப் பையன் பகலில் தூங்குவான், அவனை எழுப்பி அனுப்புங்கள்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் அவர்களே வந்து செய்து காட்டுவார்கள். அதற்கு நீங்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள். அதுவரை காத்திருக்காமல் ரீஃபில் தேதி முடிந்த சிலிண்டர்களை இப்போதே எடுத்து வையுங்கள். எந்த லாட்ஜ் ஆட்கள் எந்தக் கிழமை வர முடியும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பயிற்சிக்கு நான் தனியாகக் காசு வாங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சிலிண்டர் ரீஃபில்காரன்,
சத்துவாச்சாரி, வேலூர்